ஏறிய மடல்: புனைவில் காதலும் பித்தும்

(நெடுங்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'தமிழ்ப் புனைகதையில் காதல்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பட்டியல் போட்டால் விடிந்துவிடும். அதனால் ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்று அனுமதி கேட்டேன். பெரிய மனதோடு கொடுத்தார்கள். கதையில் காதல் எந்த இடத்தில் பித்தாகிறது, அதை எழுதுகிறவர் கவனிக்கிறாரா, வாசிக்கிற நாம் கவனிக்கிறோமா என்பதுதான் இன்றைய பேச்சு.

வேறு ஊராக இருந்தால் இதை இலக்கியச் சிக்கலாக மட்டும் பேசிவிட்டுச் சாப்பிடப் போகலாம். காரைக்காலில் அது முடியாது. 2012 நவம்பரில், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பக் கிளம்பிய இந்தப் பகுதிப் பெண் ஒருவர் மீது, அவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பி மறுக்கப்பட்ட ஒருவன் அமிலம் வீசினான். பெண்ணுக்கு வயது 23, பொறியாளர். கண்பார்வை போயிற்று. மூன்று மாதம் உயிருக்குப் போராடி 2013 பிப்ரவரியில் இறந்துபோனார். அவனுக்குக் காரைக்கால் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு என்னைவிட அதிகம் தெரியும். பெயர் சொல்லவில்லை, அந்தக் குடும்பத்தின் துயரத்தை மேடைக்கு எடுத்து வர எனக்கு உரிமை கிடையாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். இப்படி நடந்தால் மறுநாள் செய்தியின் தலைப்பில் 'ஒருதலைக் காதல்' என்று போடுவது நம் வழக்கம். கொலைக்கும் அமில வீச்சுக்கும் 'காதல்' என்ற சொல்லை யார் இரவல் கொடுத்தது? கதை எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும்தான் கொடுத்தோம். அதனால் இதைப் பற்றிப் பேசுகிற கடமையும் எங்களுக்கு உண்டு.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதில் அசிரத்தையாக இருக்கவில்லை. தொல்காப்பியர் அகத்தை ஏழாகப் பிரித்தார். நடுவிலே ஐந்திணை, ஒரு விளிம்பில் கைக்கிளை, இன்னொரு விளிம்பில் பெருந்திணை. பள்ளியில் கைக்கிளையை ஒருதலைக் காமம் என்றும் பெருந்திணையைப் பொருந்தாக் காமம் என்றும் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிட்டோம். நின்று பார்த்தால் உள்ளே மனநூல் ஒன்றே இருக்கிறது. கைக்கிளைக்கு அவர் தரும் விளக்கத்தின் சாரம் இதுதான்: காமம் இன்னதென்று அறியாத இளம்பெண்ணிடம் ஒருவன் பேசிக்கொண்டே இருக்கிறான், பதில் வரவில்லை, பதில் வராத அந்தப் பேச்சிலேயே இன்பம் காண்கிறான். பதில் இல்லாத இடத்தில் இன்பம்! கைப்பேசியில் ஒரு பெண்ணுக்கு இரவெல்லாம் செய்தி அனுப்பிவிட்டு, நீலக் கோடு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிற பையனைத் தொல்காப்பியர் அன்றைக்கே பார்த்துவிட்டார்.

பெருந்திணையில் நான்கைச் சொல்கிறார். மடல் ஏறிவிடுவது ஒன்று. இளமை கடந்த காமம் ஒன்று. யார் தேற்றினாலும் தேறாத அளவுக்கு மீறிப்போன காமம் ஒன்று. அந்த மிகுதியில் பலத்தைக் காட்டுவது நான்காவது. கடைசி இரண்டையும் இன்றைக்கு ஒரு காவல் நிலைய எழுத்தர்கூடப் புரிந்துகொள்வார்.

மடலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பனை இருக்கிற ஊரில் கருக்குமட்டை எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடிமட்டையின் இரண்டு ஓரத்திலும் அரிவாளில் இருப்பதுபோலக் கறுத்த பல். தெரியாமல் கை வைத்தால் கிழித்துவிடும். அந்த மட்டையில் குதிரை செய்து, மாலை மணியெல்லாம் கட்டி, அதன்மேல் ஒருவன் உட்காருகிறான். எருக்கம்பூ மாலை, ஆவிரம்பூ, பூளைப்பூ, எலும்பு மாலை. கையில் ஒரு துணி; அதில் அவன் விரும்புகிற பெண்ணின் உருவம் எழுதியிருக்கிறது. அந்தக் குதிரை தெருத்தெருவாக வரும். தொடையில் கருக்கு அறுக்கும். ஊர் கூடிப் பார்க்கும். பெண் வீட்டார் மானத்துக்கு அஞ்சிப் பெண்ணைக் கொடுத்தாக வேண்டும். இதுதான் மடலேறுதல்.

இதைக் காதலின் உச்சம் என்று மேடைகளில் சிலாகித்துக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் தன் உடம்பை அறுத்துக்கொள்கிறான், சரி; ஆனால் குறி வைப்பது அவளை. 'நீ சம்மதிக்காவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன்' என்று பிளேடை எடுக்கிறவனும் அவன் ரத்தத்தில் எழுதுகிற கடிதமும் இந்தக் குதிரையின் வாரிசுகள். தொல்காப்பியருக்கு இது தெரிந்திருக்கிறது. மடல் ஏறுவேன் என்று தலைவன் தோழியிடம் சொல்வதை அவர் ஐந்திணைக்குள்ளேயே அனுமதிக்கிறார். அது தவிப்பின் பேச்சு, மிரட்டலின் சாயல் இருந்தாலும் பேச்சு. ஏறிவிட்டால் பெருந்திணை என்று வெளியே தள்ளிவிடுகிறார். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் இவ்வளவு கறாராகக் கோடு போட்ட வேறொரு கவிதை இலக்கணத்தை நான் வாசித்ததில்லை. சங்கப் பாடல்களில் மடல் பெரும்பாலும் சொல்லாகவே நிற்கிறது. அதைப் பாடியதாலேயே மடல் பாடிய மாதங்கீரனார் என்று ஒரு புலவருக்குப் பெயர். மடலில் ஏறியேவிட்டவனைப் பார்க்கக் கலித்தொகையின் நெய்தற்கலிக்குப் போக வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. அக ஐந்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். இதைப் பாத்திரங்களைப் பொதுமையாக்கும் உத்தி என்று சொல்லிக் கொடுக்கிறோம். எனக்கு அதில் ஒரு நாகரிகமும் தெரிகிறது. உள்ளத்தில் நடப்பதைப் பாடு. ஆனால் இன்னாள் என்று ஊருக்குக் காட்டாதே. மடலேறுகிறவன் கையில் இருக்கும் படம் அந்த நாகரிகத்தை உடைக்கிறது. ஒரு பெண்ணின் படத்தை அவள் சம்மதமில்லாமல் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, கேட்டால் 'லவ்' என்று சொல்கிறவன் கையிலும் அதே துணிதான் இருக்கிறது.

பக்தி இலக்கியம் இந்தப் பெருந்திணையை அப்படியே தூக்கிக் கடவுளிடம் கொடுத்துவிட்டது. பெண் மடலேறக் கூடாது என்பது மரபு. வள்ளுவரும் ஏறாமல் நிற்பதையே பெண்ணின் பெருமையாகச் சொன்னார். பக்கத்துச் சீர்காழி வட்டாரத்தில் பிறந்த திருமங்கையாழ்வார் அதை மீறி, சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் பெண் குரலில் மடலேறத் துணிந்தார். அங்கே யாருக்கும் காயமில்லை. எதிரே இருப்பவர் பெருமாள், அவர் தாங்குவார். மனிதர்களுக்கு நடுவில் அதே மொழியைக் கொண்டு வரும்போதுதான் சிக்கல். காரைக்கால் அம்மையார் கதையில் வரும் அவர் கணவன் பரமதத்தனை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்க நிற்கும்போது அவனைப் பெரிதாக யாரும் எண்ணுவதில்லை. மனைவியைத் தன்னால் மனைவியாக நினைக்க முடியாது என்று தெரிந்ததும் வணிகத்துக்கென்று கப்பலேறிப் போனவன், பிறகு பாண்டிநாட்டில் பிறந்த மகளுக்கு அவள் பெயரையே வைத்தான். அவளிடம் சொல்லாமல் போனது தப்புத்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் தனக்கு எட்டாத ஒருத்தியைத் துரத்தாமல் விலகிய ஆண் நம் கதைகளில் அபூர்வம்.

இந்த மண்ணில் பிரெஞ்சு வாடை இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பதால் ஒரு பிரெஞ்சுக் கதை. விக்தோர் யூகோவின் இளைய மகள் அதேல். பின்சன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியை விரும்பினாள். அவருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் பிரியம் இருந்தது, பிறகு இல்லை. படைப்பிரிவு கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்கு மாறியது. 1863-இல் அதேலும் கடல் தாண்டிப் போனாள். கல்யாணம் நடந்துவிட்டதாக வீட்டுக்குக் கடிதம் எழுதினாள். பெரிய நாவலாசிரியரின் வீட்டிலேயே அந்தப் புனைவை நம்பினார்கள். படை பார்படோஸுக்குப் போனது, அங்கேயும் போனாள். 1872-இல் மனநலம் கெட்ட நிலையில் திரும்ப அழைத்து வரப்பட்டு, மிச்ச வாழ்நாளை மனநலக் காப்பகத்தில் கழித்து 1915-இல் இறந்தாள். 1975-இல் த்ரூஃபோ இதைப் படமாக எடுத்தார். அதில் ஒரு காட்சி. பார்படோஸ் தெருவில், கந்தல் உடையில் அதேல் நடந்து வருகிறாள். பின்சன் எதிரே வந்து நிற்கிறார். அவள் அவரை அடையாளம் தெரியாமல் கடந்து போய்விடுகிறாள்.

எனக்கு இந்தப் பேச்சின் அச்சாணி அந்தக் காட்சிதான். பித்து முற்றியபோது அந்த ஆளே தேவையில்லாமல் போய்விட்டார். காதலுக்கு எதிரே இன்னொருவர் வேண்டும். அவர் கோபிப்பார், சிரிப்பார், மாட்டேன் என்பார், மனசு மாறுவார். பித்துக்கு அதெல்லாம் இடைஞ்சல். ஆகவே ஒரு கதை எந்தப் பக்கம் நிற்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தால், அவன் எவ்வளவு உருகுகிறான் என்று பார்க்க மாட்டேன். அவன் இல்லாத நேரத்தில் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறதா என்று தேடுவேன்.

'குணா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-இல் வந்தபோது பெரிதாக ஓடவில்லை; பிறகு வழிபாட்டுக்குரிய படமாகிவிட்டது. கொடைக்கானல் குகைக்கே அந்தப் பெயர் வந்தது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு 'குணா'வின் பாட்டைப் பாடாத பிள்ளை இல்லை. அந்தப் படத்தில் நாயகன் குணா கடத்திக்கொண்டு போகும் பெண்ணின் பெயர் ரோகிணி. அவன் அவளை அபிராமி என்கிறான். கடைசியில் அவளும் அந்தப் பெயருக்குள் போய்விடுகிறாள். கமல்ஹாசனின் நடிப்பு, இளையராஜாவின் இசை எல்லாம் சேர்ந்து அந்தப் பெயர்மாற்றத்தை நாம் கண்ணீரோடு ஏற்கும்படி செய்துவிட்டன. குணாவை மனநோயாளி என்று படம் நேர்மையாகச் சொல்கிறது. அந்த மட்டுக்கும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ரோகிணி எங்கே போனாள் என்று படம் கேட்கவில்லை. இதே பெயர்மாற்ற வேலையை நபகோவ் 1955-இல், பாரிஸில் முதலில் வெளியான 'லோலிடா'வில் வேறு விதமாகச் செய்தார். அந்தச் சிறுமியின் பெயர் டொலோரஸ். லோலிடா என்பது கதைசொல்லி ஹம்பர்ட் வைத்தது. கதை முழுக்க ஹம்பர்ட்டின் வாயால் வருகிறது, மொழி அத்தனை அழகு. அந்த அழகுக்குள் ஒரு குழந்தை இரவில் அழுவது கேட்கும்படி விட்டிருக்கிறார் நபகோவ். கேட்காமல் வாசித்தவர்களும் ஏராளம். நூலின் அட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

மார்க்கேஸின் 'காலரா காலத்துக் காதல்' 1985-இல் வந்தது. ஃப்ளோரன்டினோ அரிசா அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருத்திக்காகக் காத்திருக்கிறான். உலகமே அதைக் காதல் காவியம் என்று கொண்டாடியது. தன் பொறுப்பில் விடப்பட்ட பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுமி அமெரிக்கா விகூன்யாவை அதே கிழவர் படுக்கைக்கு இழுத்ததும், அவர் தன் பழைய காதலியை நோக்கித் திரும்பியபோது அந்தச் சிறுமி தற்கொலை செய்துகொண்டதும் அதே நாவலில்தான் இருக்கின்றன. எத்தனை பேருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கிறது? காவியக் காதலுக்கான கணக்கைப் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒரு சிறிய பாத்திரம் தீர்க்கிறது.

பெண்கள் விரும்பி வாசிக்கும் குடும்ப நாவல்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ரமணிசந்திரன் நாவல் இல்லாத ஊர்ப்புற நூலகம் கிடையாது. அட்டை கிழிந்திருந்தால் அது அவருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்றைக்கு இணையத்தில் தொடராக எழுதும் பெண்கள் 'ஆன்ட்டி ஹீரோ' என்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள்: கட்டாயத் தாலி கட்டுவான், அறையில் பூட்டுவான், நாற்பதாவது அத்தியாயத்தில் உருகுவான். பேராசிரியர்கள் இதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். அதை வாசிக்கிற பெண்கள் ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலும் பேருந்திலும் முரட்டு ஆண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, கடைசிப் பக்கத்தில் அவன் மன்னிப்புக் கேட்பான் என்ற உத்தரவாதம் புத்தகத்தில் மட்டும்தான் கிடைக்கிறது. வாசகி எப்போது வேண்டுமானாலும் மூடி வைக்கலாம். கதாநாயகிக்கு அந்த வசதி இல்லை என்பதைத்தான் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இனி 'மோகமுள்'. தி. ஜானகிராமன் நம் டெல்டாக்காரர். 1921-இல் தேவங்குடியில் பிறந்தவர். நாவல் சுதேசமித்திரனில் தொடராக வந்து, பிறகு நூலானது. சங்கீதம் கற்கும் நாயகன் பாபுவைவிட அவன் விரும்பும் யமுனா பத்து வயது மூத்தவள். மூத்த பெண்ணும் இளைய ஆணும் விரும்புவதை இளம்பூரணர் தம் தொல்காப்பிய உரையில் பெருந்திணைக் கணக்கில்தான் சேர்க்கிறார். அந்தக் கணக்கை ஜானகிராமன் மதிக்கவில்லை. வயதில் அவருக்குக் குற்றம் தெரியவில்லை. அவர் கண் வேறிடத்தில் இருக்கிறது.

பாபு முதலில் அவளைத் தெய்வமாக வைத்திருக்கிறான். தெய்வமாக வைப்பது மரியாதை என்று அவன் நம்புகிறான். அவளுக்கு அது தெரியவே தெரியாது. அவள் வீட்டில் நடப்பது வேறு: பிராமண அப்பா, மராத்தி அம்மா, அப்பா போன பிறகு கரைகிற சொத்து, பெண் பார்க்க வந்து வந்து போகிற மனிதர்கள், பிறகு வறுமை, பசி. ஜானகிராமன் இதையெல்லாம் பக்கம் பக்கமாகக் கொடுக்கிறார். பாபு உருகுவதற்காக யமுனா படைக்கப்படவில்லை. அவன் கும்பகோணத்தில் தம்பூராவோடு உட்கார்ந்திருக்கும்போதும் அவள் வீட்டில் அரிசி தீர்ந்துகொண்டிருக்கிறது. அவன் மனதைத் திறந்தபோது மறுக்கிறாள். அந்த மறுப்பு நாவலின் போக்கை மாற்றுகிறது. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, கையை அறுத்துக்கொள்ளவில்லை. தவிக்கிறான், பாட்டில் கவனம் சிதறுகிறது, சென்னைக்குப் போகிறான். தவிப்பை முழுக்கத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறான். மடலைப் பற்றிப் பேசுகிறான், ஏறவில்லை என்று தொல்காப்பியர் பாஷையில் சொல்லலாம்.

ஆனால் நாவலில் இன்னொருத்தி இருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் தங்கம்மா. ஒரு ராத்திரி பாபுவிடம் வருகிறாள். அவன் மறுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவனுக்கு அருவருப்பு. யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாக நினைக்கிறான், அந்த யமுனாவோ அவனிடம் எதையும் கேட்கவில்லை. தங்கம்மா திரும்பவும் வரும்போது விரட்டுகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். யமுனா மேல் பாபுவுக்கு இருப்பது மோகம். பாபு மேல் தங்கம்மாவுக்கு இருப்பதும் அதே மோகம். தன்னுடையதை உபாசனை என்று நினைக்கிறவனுக்கு அவளுடையது தொல்லையாகத் தெரிகிறது. ஜானகிராமன் இதை வாயைத் திறந்து சொல்லவே இல்லை. பக்கத்துப் பக்கத்து வீடாக வைத்துவிட்டுப் போய்விட்டார். 'பாபு-யமுனா காதல்' என்று கட்டுரை எழுதுகிறவர்கள் தங்கம்மாவை ஒரு வரியில் தாண்டுவதைப் பார்த்தால் எனக்கு அமெரிக்கா விகூன்யாவின் ஞாபகம் வரும்.

கதையிலிருந்து ஒரு நிமிடம் சட்டத்துக்கு வருகிறேன். 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. இப்போது பாரதிய நியாய சம்ஹிதையில் 78. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தை வைத்து நாவல்களுக்குத் தீர்ப்பு எழுத நான் வரவில்லை. குற்றத்தையும் பித்தையும் இலக்கியம் எழுதத்தான் வேண்டும், உள்ளே புகுந்து எழுத வேண்டும். கருக்குமட்டை அறுக்கிற வலியை அவன் பக்கத்திலிருந்து எழுதுங்கள். அந்தத் துணியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவளுக்கும் கதையில் நாலு பக்கம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

'மோகமுள்'ளின் முடிவுக்கு வருகிறேன். யமுனா ஆண்டுகள் கழித்துத் தானே பாபுவிடம் வருகிறாள். பசியும் தனிமையும் யோசனையும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அவன் தெய்வம் அவன் அறைக்குள் மனுஷியாக நிற்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, இத்தனை வருஷத் தவிப்பும் இவ்வளவுக்காகவா என்ற பொருளில் அவள் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்கிறாள். வாசகர்கள் அந்த இடத்தில் ஏமாந்துபோனார்கள். சிலர் ஜானகிராமன் மேல் கோபப்பட்டார்கள். அவள் குரலில் ஏளனம் இல்லை, விசாரிப்பு மட்டும்தான் இருக்கிறது. வேறு எந்த நாவலாசிரியராக இருந்தாலும் அங்கே மழையைப் பெய்ய வைத்திருப்பார். இவர் அவளைப் பேசவிட்டார். அதன் பிறகு பாபு சங்கீதம் கற்றுக்கொள்ள மகாராஷ்டிரத்துக்கு ரயிலேறுகிறான். அவனை அனுப்புகிறவளும் யமுனாதான்.